டப்பாவைக் கழுவிவைத்த திருட்டு

எலும்பு முறிவு வார்டில் ஒரு பூனை நடமாடுவதாகப் பேச்சு. வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைச் சாயங்காலத்துக்கென்று கட்டிலோர அலமாரியில் வைத்துக் கண்ணயர்ந்தால், விழிக்கும்போது டப்பா காலியாக இருக்கும். வெறும் காலி இல்லை, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். ஆறாம் கட்டில் பெரியவருக்கு இடுப்பு உடைந்திருந்ததே தவிர வாய் உடையவில்லை. "எந்தப் பூனைப்பா சோப்பு போட்டுத் தேய்க்குது?" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தார்.

அந்தப் பூனை, வார்டு உதவியாளராக இருந்த அக்காதான். டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக விழும். விரிப்பு மாற்றுவது, நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப்போவது எல்லாம் அவள் வேலை. எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது மட்டும் அவளாகச் சேர்த்துக்கொண்டது. ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கோப்பில் புகார் ஏதும் ஏறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோற்றை எடுக்கும் வேலையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, தொடை எலும்பில் கம்பி வைத்த ஒருவர் மதியம் மீந்த சோற்றைச் சாயங்காலம் சாப்பிட்டார். மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தியும் பேதியுமாகக் கிழிந்த நாராகிவிட்டார். எழுந்து நிற்கக் கூடாத மனிதர். விரிப்பை மாற்றி மாற்றி அக்காவின் கை ஓய்ந்தது. சமைத்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒரு நர்ஸ் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒவ்வொருவரிடமும் வாயால்தான் சொல்லிப் பார்த்தாள். அக்கா எப்போது டாக்டர் ஆனாள் என்று கேட்டார்கள். சிலர் டப்பாவைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார்கள். அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டு எடுக்க ஆரம்பித்தாள். மதியம் இரண்டு மணிக்கு வார்டு குறட்டை விடும், அதுதான் அவள் நேரம்.

ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கியிருந்தது. அவனுடைய அம்மா ஒன்பதரைக்குச் சோறும் கோழிக்கறியும் இறக்கி, டப்பாவை மூன்று துண்டால் இறுக்கிச் சுற்றி, பஸ் பிடித்துப் பதினொரு மணிக்கு வருவாள். பன்னிரண்டுக்குப் பார்வையாளர் நேரம் முடிந்ததும், மீதியை மறுபடி அதே துண்டுகளில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். அக்கா பிரிக்கும்போது டப்பா வெதுவெதுப்பாக இருக்கும். பச்சைக் குழந்தையைப் போர்த்தின மாதிரிப் போர்த்தியிருப்பாள் அந்தத் தாய். அதைக் கொட்டும்போது மட்டும் அக்காவுக்குக் கை கூசும்.

நான்காம் நாள் அந்த அம்மா புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். எழுதத் தெரியாது. யாரைக் கேட்பது என்று வாசலில் விசாரித்தாள். காவலாளி நல்ல மனதோடு, அக்கா கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அவளிடமே போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டே போனாள். பெற்றவள் கொண்டுவந்த சோற்றைத் திருடித் தின்கிறவள் வயிறு என்ன வயிறு என்றாள். அக்கா தாளில் தேதியைப் போட்டாள். யாரோ எடுக்கிறார்கள் என்று எழுதட்டுமா என்று கேட்டாள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை, நாளை முதல் எடுக்காமல் இருந்துவிடலாம் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"யாரோன்னு எழுதாதம்மா," என்றாள் அந்த அம்மா. "கூட்டிப் பெருக்க ஒருத்தி வர்றாளே, குச்சி மாதிரி, அவதான். பார்த்தாலே தெரியல? பசி முகம்."

பெருக்குகிறவள் ஒப்பந்த ஆள். புகாரில் பெயர் வந்தால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். விசாரணை என்ற பேச்சே இருக்காது. அக்கா பேனாவை ஒரு நிமிடம் மூடிவைத்தாள். பிறகு திறந்து ஒரே மூச்சில் எழுதி முடித்து, படித்தும் காட்டினாள். காலை ஒன்பதரைக்குச் சமைத்து, துணி சுற்றி வைத்திருந்த சாப்பாட்டை, மதியம் இரண்டு மணிக்கு மேல் வார்டு உதவியாளர் எடுத்துக் கழிவு வாளியில் கொட்டியிருக்கிறார். நோயாளியிடம் கேட்கவில்லை. தொடர்ந்து மூன்று நாள். கீழே தன் பணி எண்ணையும் எழுதியிருந்தாள்.

"யாரு அந்த உதவியாளர்?"

"நான்தாம்மா."

அந்த அம்மா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். "கொட்டினியா? தின்னிருந்தாக்கூடப் பரவாயில்லையே," என்றாள்.

"தின்னா நானும் படுத்திருப்பேன். நீங்க துணி சுத்தினா சூடு நிக்கும்னு நினைக்கிறீங்க. நிக்கறது வெதுவெதுப்பு. அது கிருமிக்குத் தொட்டில் கட்டி ஆட்டற மாதிரி."

"அடுப்புல வச்சுச் சூடு பண்ணினா?"

"கிருமி செத்துடும்மா. அது கக்கி வச்ச விஷம் சாகாது. நாத்தமும் வராது, ருசியும் மாறாது."

"அப்ப என் கிட்ட சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா?"

மற்றவர்கள் கேட்கவில்லை என்பதற்காக இவளிடம் சொல்லாமலே விட்டது எப்படி நியாயம்? தப்புதான் என்று அக்கா தலையாட்டினாள். அந்த அம்மா தாளை வாங்கி, கைநாட்டு வைத்து, நேராகத் தலைமை நர்ஸ் அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டாள்.

தலைமை நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டார். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உன் மேல நீயே புகார் எழுதியிருக்கியா?"

"அவங்களுக்கு எழுதத் தெரியாது சிஸ்டர்."

"உனக்குத் தெரியும், அதுதான் வினை," என்றார் அவர். கேட்காமல் எடுத்தது குற்றம். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் ஏறியது. நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளிப்போனது. அதே நாளில் பணிப்பட்டியலில் புதிதாக ஒரு வரியும் ஏறியது. பார்வையாளர் நேரம் முடியும்போது மீதிச் சாப்பாடு எதுவும் வார்டில் தங்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அக்கா. இதற்கு ஆறு மாதம் விலையா என்று வீட்டில் கணவர் கேட்டார். பெருக்குகிறவளின் பெயர் வந்திருந்தால் விலை அவள் தலையில்தானே விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அக்கா படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, எல்லாரும் விழித்திருக்க, அவள் கையில் வாளியோடு கட்டில் கட்டிலாகப் போனாள். ஆறாம் கட்டில் பெரியவர் அந்தப் பூனையைப் பார்க்க எழுந்து உட்கார முயன்று, வலியில் திரும்பப் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் கட்டில் அம்மா இந்தத் தடவை சின்ன டப்பாதான் கொண்டுவந்திருந்தாள். அதிலும் மகன் இரண்டு கைப்பிடி மீதி வைத்துவிட்டான். அவள் டப்பாவோடு வாளி வரை வந்து நின்றாள். ஆனால் அதைச் சாய்க்கவில்லை.

"நீயே கொட்டு," என்று அக்காவிடம் நீட்டினாள். "எனக்கு மனசு வரல."

அக்கா வாங்கிக் கொட்டினாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.