ரோமி மாமாவின் மணிக்கட்டு

அனிற்றா, றெஜி, என் பிள்ளைகளே,

அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் செபக் கூட்டத்தில் இதைச் சாட்சியாக இரண்டு மூன்று முறை சொல்லப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன். கூட்டத்தில் என்னோடு செபிக்கிறவர்களும் வாசிக்கட்டும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி மாதம். அன்று என் உயிர் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதுகூடப் பெரிதில்லை. அனிற்றா, நீ என் கையில் இருந்தாய். உனக்கு இரண்டு வயது. றெஜி, நீ அப்போது பிறக்கவில்லை.

லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு பழைய வீட்டின் உச்சியில், பின்பக்க அறையில் இருந்தோம். நடு மாடியில் எங்கள் ஊர்ப் பெடியன்கள். கீழ் அறையில் ரோமி மாமா.

ரோமி மாமா பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். அங்கே தெருவுக்குத் தெரு அந்த வளையம் இருக்குமாம், செருப்போடு நின்றுகூட ஆடுவார்களாம். நெட்டை மனிதர் என்று நினைக்காதீர்கள், என் உயரந்தான். பந்தை மற்றவனுடைய கைக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே, பாஸ் கொடுப்பதே, அணியில் அவருடைய வேலை. ஒரு முக்கியமான ஆட்டத்தில், முடிகிற நேரத்தில், பந்து அவர் கைநழுவிப் போனது. சனம் சில்லறையை எடுத்து அவர்மேல் எறிந்ததாம். அந்த வருடமே அணி அவரை விட்டுவிட்டது. இங்கே தாதியாக இருந்த அக்கா லோர்னா கூப்பிட்டதால் லண்டனுக்கு வந்து ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவினார். பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில் சும்மா ஆடினார். ஞாயிறு பூசைக்கு எங்களோடுதான் வருவார்.

அந்த மார்கழியில் மணிலாவிலிருந்து அவருக்கு போன் வந்தது. வேறொரு அணி அவரைக் கேட்டிருந்தது. தை மாதம் போய்ச் சேர வேண்டும். படிக்கட்டின் கீழே நின்று "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டார். தமிழில் அவருக்கு வந்த ஒரே சொல் அதுதான். மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"முப்பத்திரண்டு வயசில போய் என்னத்தை விளையாடப் போறீர்?" என்று பகிடி பண்ணினேன்.

"என்ர முழங்காலுக்கு நாப்பது, அண்ணை. கைக்கு இருவதுதான்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வீடு தீப்பற்றியது. நடு மாடியில் பரஃபின் ஹீட்டருக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப் போட்டிருந்தது. பெடியன்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், உங்கள் அம்மாவும் வேலையில். அறைக் கதவைத் திறந்தேன். படிக்கட்டே தெரியவில்லை. கறுப்புப் புகை. கதவைச் சாத்திப் போர்வையைக் கீழே அடைத்தேன். புகை நின்றபாடில்லை. யன்னலைத் திறந்து உன்னை வெளியே பிடித்தேன். கீழே சீமெந்து முற்றம். நீ இருமிக்கொண்டே இருந்தாய். பிறகு இருமல் நின்றது. இருமியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரோமி மாமா அப்போதுதான் பயிற்சி முடிந்து வந்தவர். பின்கதவால் முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"பிள்ளையை விடுங்கோ, அண்ணை."

"தீயணைக்கிற ஆக்களின்ர ஏணி வரட்டும்."

"ஏணி வரும். அதுவரைக்கும் புகை காத்துக்கொண்டு நிக்காது."

"அப்ப எறியிறன்."

"எறியாதேங்கோ. எறிஞ்சா சுழலும். கக்கத்தில பிடிச்சு, கையை நல்லா நீட்டுங்கோ. ஓம், அப்பிடித்தான். இனிக் கையை மட்டும் திறவுங்கோ. மிச்சம் என்ர வேலை."

பதற்றமே இல்லாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் கையை நீட்டினேன். திறக்க முடியவில்லை. என் விரல்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. பின்னால் கதவு வெடிக்கிற சத்தம். கழுத்தில் சூடு. "மாதாவே" என்றேன். பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. அவ்வளவு தூரம் யோசிக்க அந்த நேரம் முடியாது. "என் கையைத் திற" என்று மட்டும் கேட்டேன்.

கை திறந்தது. நான் திறக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம். பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு உன் அழுகை கேட்டது, அனிற்றா. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல சத்தம் கேட்டிருக்கிறேன். எதுவும் அதற்குக் கிட்ட வராது.

தீயணைப்புக்காரர் ஏணியோடு வந்து என்னை இறக்கினார்கள். ரோமி மாமா மல்லாந்து கிடந்தார். நெஞ்சின்மேல் நீ. உனக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய வலக்கை மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"நல்ல பாஸ், அண்ணை," என்றார்.

சாட்சி இதோடு முடியலாம். முடியவில்லை, பிள்ளைகளே. எனக்கு இதன் பிறகுதான் கஷ்டம்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் லோர்னா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கை வழமையான வேலைக்கு உதவும் எண்டு டொக்டர் சொன்னவர். கரண்டி பிடிக்கலாமாம். பந்து எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை." மணிலா அணி, பங்குனியில் வரும் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்றது. அதற்குப் பிறகு வேறு ஆளை எடுப்பார்கள்.

வீடு எரிந்துவிட்டதால் கவுன்சில் எங்களை வால்தம்ஸ்டோ என்ற இடத்தில் ஓர் அறையில் போட்டது. நீ தூங்கும்போது உன் மூச்சைப் பார்ப்பேன். உடனே அந்த மணிக்கட்டு கண்ணுக்குள் வரும். என் பிள்ளைக்கு அவர் தன் பிழைப்பையே கொடுத்துவிட்டார். நான் செபமாலையைத் தொடவில்லை. அம்மா கவனித்துவிட்டார்.

"ஏன் செபிக்கிறேல்லை?"

"ஆண்டவர் பிள்ளையைத் தந்திட்டார். இதுக்கு மேல கேட்க வெக்கமாக் கிடக்கு."

"வெக்கம் உங்கட. கை ரோமியின்ர. கேளுங்கோ."

அன்றிலிருந்து கேட்கத் தொடங்கினேன். வேலைக்குப் போகும் வழியில் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். பெரிய செபம் ஒன்றுமில்லை. "அந்தக் கையைத் திருப்பிக் கொடும்" என்பதுதான். சில நாள் கோபத்தோடும் கேட்டேன்.

மாவுக்கட்டு வெட்டிய அன்று நானும் கூடப் போனேன். மணிக்கட்டு கோழிக்கால் மாதிரி மெலிந்திருந்தது. பின்பக்கம் மடியவே இல்லை. டொக்டர் பயிற்சி செய்யச் சொன்னார், ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. பகிடி பேசாத ரோமி மாமாவை அன்றுதான் பார்த்தேன்.

மணிலாவில் ஆட்டக்காரர்கள் அரிசிக்குள் கையைப் புதைத்துப் பலம் ஏற்றுவார்களாம். அம்மா ஒரு வாளி நிறைய அரிசியை ஒதுக்கி வைத்தார். ரோமி மாமா ஒவ்வொரு பின்னேரமும் பஸ் ஏறி வந்து, அதற்குள் கையை விட்டு விரலை விரிப்பார், மடக்குவார். நோவில் முகம் வேர்க்கும். நீ பக்கத்தில் இருந்து உன் கையையும் விடுவாய்.

"இதைப் பிறகு சமைக்கிறதோ?" என்று ஒரு நாள் அம்மாவைக் கேட்டார்.

"கை சரிவந்தால் உமக்குத்தான் சமைச்சுத் தாறது."

அன்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின வாரம் விளையாட்டு மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். என்னைப் பந்தை எறியச் சொன்னார். முதல் பந்து அவர் கையில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அப்படியே. நான் எறியமாட்டேன் என்றேன். "எறியுங்கோ, அண்ணை. நான்தானே கேக்கிறன்." எறிந்தேன். ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று. பழைய மாதிரி மணிக்கட்டை மடக்கி எறிய அவருக்கு ஏலவில்லை. தோளிலிருந்து தள்ளி எறிந்து பார்த்தார். பந்து வளையத்துக்குப் போனது. உள்ளே விழுந்தது.

அந்தக் கையோடுதான் விமானம் ஏறினார். எடுப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா, யாருக்கும் தெரியாது. வாரக்கணக்காய் ஒரு செய்தியும் இல்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம்.

ஒரு நாள் காலையில் லோர்னா அக்கா போனில் கூப்பிட்டார். "விளையாடினவன்," என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் அவரை இறக்கினார்களாம். பந்தை ஒருமுறைகூட நழுவ விடவில்லையாம். சனம் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம்.

அதன் பிறகு மூன்று பருவம் ஆடினார். பெரிய பேர் எடுக்கவில்லை. மணிக்கட்டு கடைசிவரை முழுதாக மடியவில்லை. இப்போது அங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறார். டொக்டர் உழைத்தார், அவரும் உழைத்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டேன், கிடைத்தது. முன்பு எனக்கென்று மட்டும் செபித்த மனிதன் நான். இப்போது பக்கத்து வீட்டுக்காரனின் பேரைச் சொல்லாமல் என் செபம் தொடங்காது. உங்களுக்கும் ஒரு நாள் கேட்க வெட்கம் வரும், ஏற்கெனவே தந்துவிட்டாரே என்று. அந்த நாளில் ஆண்டவரை நம்பி இன்னொரு முறை கேளுங்கள். இன்னொருவருக்காகக் கேளுங்கள்.

லோர்னா அக்காவின் போன் வந்த அன்று வேலைக்குப் போகிற வழியில் மாதா கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தேன். கூப்பப் போன கைகளைக் கூப்பவில்லை. இரண்டையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்தபடி, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.