சன்ஷேடுக்கு அடியில் ஆறு விளக்குகள்

எங்கள் நாய்க்குப் பெயர் கிடையாது. ராஜபாளையம் வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடு, இவளும் அப்படித்தான். யாரும் வாங்கிப் போகாத குட்டி என்று கேள்விப்பட்டு நான்தான் தூக்கி வந்தேன். கேட்காத காதுக்குப் பெயர் எதற்கு? அடுக்களை வாசலில் ஒரு குண்டு பல்பு இருந்தது. பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போடுவேன். தோப்பில் எந்த மூலையில் கிடந்தாலும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடி வந்து, பல்புக்கு நேர் கீழே உட்கார்வாள். அங்கேயே சோறு வைப்பேன். மூன்று வருடமாக அந்த விளக்குதான் அவளுக்குப் பெயர்.

வீடு மம்சாபுரத்துக்கு மேற்கே மாந்தோப்புக்குள் இருக்கிறது. அதற்கு அப்பால் மலைதான். போன மார்கழியில் பக்கத்துத் தோப்பில் கட்டியிருந்த ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோனது. வனத்துறைக்காரர் வந்து தடத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டச் சுத்தி வெளிச்சம் போட்டு வைங்கம்மா. நாயக் கட்டிப் போடுங்க" என்றார். கட்டிப் போட்டால் விடிய விடிய ஊளையிடுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளிச்சம்தான் வரப்போகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

"ஏட்டி, லைட்டுக்குக் கீழ நிக்கிறவன எல்லாரும் பாக்கலாம். அவன் கண்ணுக்கு ஒருத்தனும் தெரியமாட்டான்."

"ஆமா, இங்க பங்கர் வெட்டி உக்காந்திருக்கோம்! பேசாம வாங்க" என்று ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனேன்.

கடையில், நேர் கீழே மட்டும் வெளிச்சம் அடிக்கிற டவுன்லைட் நாலைந்தை எரியவிட்டுக் காட்டினார்கள். வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மஞ்சள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் குண்டு பல்பின் நிறம் அது. அவளுக்குப் பழகிய வெளிச்சமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் செட்டியார்பட்டியில் இருந்து எலக்ட்ரீசியன் வந்தார். "சுவிட்சா, சென்சராக்கா? சென்சர்னா ஆள் நடமாட்டம் இருந்தா அதுவா எரியும், செத்த நேரத்துல அதுவா அணையும்."

"சுவிட்சே போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போடுதேன் போடுதேன்னு நீங்க மறந்துட்டுப் போவீய. சென்சரே இருக்கட்டும்" என்றேன் நான். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். சென்சரே வைக்கச் சொன்னேன்.

மூலைக்கு ஒன்றாக நாலு, முன்வாசலுக்கு ஒன்று, அடுக்களை வாசலுக்கு ஒன்று. கான்கிரீட் சன்ஷேடில் குழி வெட்ட முடியாது என்பதால் அடிப்பக்கத்தில் அப்படியே திருகுகிற வகை. டிரில் போட்ட சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அவள் ஏணிக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கினாள். கடைசியாகப் பழைய குண்டு பல்பைக் கழற்றினார்கள்.

இருட்டத் தொடங்கியதும் எலக்ட்ரீசியன் வீட்டைச் சுற்றி நடந்து காட்டினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் ஓடிப் போய்க் கீழே உட்கார்ந்து, சோற்றுக்காக என் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு இன்னைக்கு ஆறு வேளச் சாப்பாடுக்கா!" என்று அவர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், பாவி.

நாலைந்து நாள் கழித்து, பின்மூலை விளக்கு தானாக எரியத் தொடங்கியது. போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். விளக்குக்கு அடியில் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். முன்பெல்லாம் மங்கலாகவாவது தெரிந்த மாமரங்கள் கரி பூசினதுபோல அடியோடு காணாமல் போயிருந்தன. அந்தக் கருப்புக்குள் இருந்து யாரோ என்னையே பார்ப்பதுபோல இருக்கும். எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். "வௌவால் பறந்தாக்கூட எரியும்க்கா" என்றார். வௌவால் என்றே நம்பினேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடி வந்து உட்கார்ந்தாள். ஏமாந்து போகக்கூடாதே என்று நானும் ஒரு பிஸ்கட்டைப் போட்டு வைத்தேன்.

தை மாதம் ஒரு நாள், விளக்கேற்றுகிற நேரம். இவர் பால் வாங்கப் போயிருந்தார். நான் அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பின்மூலை விளக்கு எரிந்தது. வெளியே போய் வந்தால் பின்பக்கக் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் இவர் உள்ளே வருவார்; இவர்தான் என்று நினைத்தேன். தோப்பில் இருந்து அவள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது ஜன்னலில் தெரிந்தது. மூலை திரும்பி மறைந்தாள்.

அப்போது முன்வாசலில் பைக் வந்து நின்றது.

"ஏட்டி, கதவத் தொற."

கையில் புளித்தண்ணீர் சொட்ட அப்படியே நின்றேன். இவர் முன்னால் நிற்கிறார் என்றால் பின்னால் யார்? பின்மூலை விளக்கு அணைந்தது. மலையைப் பார்த்த மூலையில் இருக்கிற விளக்கு எரிந்தது. அதுவும் அணைந்தது. குரைப்பு இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டு பேரும் டார்ச்சோடு ஓடினோம். சாயங்காலம் நான் தண்ணீர் தெளித்துப் பெருக்கின மண்ணில் அவள் ஓடி வந்த தடம் இருந்தது. விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்த தடம் இருந்தது. எழுந்து போன தடம் இல்லை. பக்கத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு, வட்ட வட்டமாக வேறு தடம் கிடந்தது.

"நானே கூப்ட்டுக் குடுத்துட்டேனே!" என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போதே சொன்னேனே என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவர் என்னைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டி வந்தார்.

சென்சரைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் வைத்தோம். பதினைந்து நாள் அதை யாரும் தொடவில்லை. ஒரு சாயங்காலம் அடுக்களைக்குள் வந்தால், வாசல் விளக்கு எரிகிறது. இவர் கையில் சோற்றுத் தட்டோடு, தோப்பைப் பார்த்து நிற்கிறார்.

"ஒருவேள தப்பிச்சு எங்கயாவது கெடந்தாள்னா... வெளிச்சத்தப் பாத்து வந்துருவால்லா?"

எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா? அவர் பக்கத்தில் போய் நானும் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"அணைச்சிருங்க" என்றேன். "லைட்டு எரிஞ்சா இங்க தீனி இருக்கும்னு இப்ப அவளுக்கு மட்டுமா தெரியும்?"

அவர் தட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். சுவிட்சை நான்தான் அணைத்தேன்.