மீராசாவின் கைதட்டு

எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மீராசா முதலில் ஒருதரம் கைதட்டுவார். எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்று காது கொடுப்பார். அதன் பிறகுதான் ஸ்பீக்கரை எங்கே வைப்பதென்று சொல்வார். சாய்ந்தமருதில் கலியாணமோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, அவருடைய ஸ்பீக்கர் செற்தான். சுவரின் தூரத்தைச் சொன்னால் பிசகாது. வீட்டுக்கு வரும் நேரம் மட்டும் பிசகும். "அரை மணித்தியாலத்தில வாறன்" என்றால் ஒன்றரை மணித்தியாலம்.

மகள் சிபானாவுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். தாய் சல்மா உம்மா மறித்து நின்றார்.

"என்ன வேல புள்ள அது?"

"தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள்ட நடுவில பெரிய கருந்துளை இரிக்கி உம்மா. அதுட பாரத்தக் கணிக்கிற."

"கண்டிருக்கியா?"

"இல்ல. அதுக்குள்ள இருந்து வெளிச்சம் வெளிய வராது."

"காணாத சாமான எப்பிடி நிறுக்கிற? எனக்கு விளங்காத வேலைக்கு என்ட புள்ளய அனுப்ப மாட்டன்."

சிபானா இரண்டு நாள் படம் வரைந்து காட்டினாள். உம்மா அசையவில்லை.

வியாழன் காலை மீராசா இருவரையும் ஓட்டோவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார். கூரையில் ஹோர்ன் ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தது. இறங்கியதும் எதிரே இருந்த மதிலைப் பார்த்துக் கைதட்டினார். சத்தம் திரும்பி வந்தது.

"எவ்வளவு பிந்துதோ, அவ்வளவு தூரம்" என்றார்.

சிபானாவுக்குப் பொறி தட்டியது. "அங்கயும் அதுதான் உம்மா! கருந்துளைக்கு வெளிய, கிட்ட இரிக்கிற வெளிச்சம் திடீரெண்டு கூடும். சுத்தி ஓடுற வாயு கொஞ்ச நாள் பிந்தித்தான் மினுங்கும். அந்த நாளக் கொண்டு தூரத்த எடுக்கலாம்."

மீராசா மனைவியை மைதான ஓரத்தில் நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார். ஹோர்னில் ஒரே சீராக விசில் ஒலிக்க, கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓட்டோவை விரட்டினார். மூன்றாம் சுற்றில் தொப்பி பறந்தது.

"கிட்ட வரக்குள்ள கீச்செண்டு கேக்குது. போகக்குள்ள தடிக்குது" என்றார் உம்மா.

"வெளிச்சத்துல நிறம் அப்பிடி மாறும். அதுல வேகம் தெரியும்" என்றாள் சிபானா. "அவ்வளவு வேகத்தில ஓடுறது பிச்சிக்கிட்டுப் போகாம சுத்துதெண்டா, நடுவில இழுத்துப் புடிக்கிறது என்ன பாரம் இரிக்கணும்?"

உம்மா கண்ணைத் திறந்து, தொப்பியைத் தேடிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். "முப்பது வருசமா இவர நான் இழுத்துப் புடிக்கிறன். என்ட பாரத்த ஆரு கணிச்ச?"

"அதுக்கு மெசின் இன்னும் வரல்ல" என்றார் மீராசா.

உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விளங்கிட்டு. போய்ட்டு வா புள்ள."

சில வருசம் கழித்து, சிபானாவின் ஆராய்ச்சியில் முதல் முடிவு வந்தபோது மீராசா மௌத்தாகி இரண்டு மாதம். கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார். சிபானா தொலைபேசியில் அழைத்தாள்.

"நாலு கோடிச் சூரியன்ட பாரம் உம்மா."

"சரியாவா?"

"மூணு மடங்கு கூடலாம், குறையலாம்."

உம்மா விரல் மடித்து எண்ணிப் பார்த்தார்.

"மூணு மடங்கா? அப்ப அது வாப்பாட அரை மணித்தியாலம்."

இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.