செவ்வாய்க்கிழமை ஏலம்

அரசுக் கடன் பத்திரத்தை அடமானமாகப் பெற்றுக்கொண்டு வங்கி கடன் தரலாம். பத்திரத்தை விற்க வேண்டியதில்லை. விதி அவ்வளவுதான். கருவூலத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தூக்கத்திலும் வரும்.

படப்பையில் என் அடுத்த வீட்டுக்காரரின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. இழப்பீட்டுப் பணத்தில், என் பேச்சைக் கேட்டு, மாநில அரசின் பதினைந்து வருடப் பத்திரம் வாங்கினார். பீரோவில் தூங்குகிற நகைக்கு வட்டி கிடையாது என்று நான் சொன்னதால் மனைவியின் நகையும் அதிலேயே போனது. அரசு ஏமாற்றாது என்றேன். ஏமாற்றவும் இல்லை, ஆறு மாதத்துக்கொருமுறை வட்டி வந்துகொண்டிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, தை மாதத்தில், அவர் மனைவிக்கு இதய வால்வில் பழுது என்று தெரிந்தது. மாசி முடிவதற்குள் ஆபரேஷன் ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

"பத்திரத்த வித்துடலாம் சார். இன்னா வரும்?"

"நூறுக்கு எண்பத்தெட்டு."

"கவர்மென்ட்டு எங்கிட்ட நூறுதானே வாங்கிச்சு?"

"முடியிற அன்னிக்கு நூறு தரும். நடுவுல வேணும்னா இன்னொருத்தர்கிட்ட விக்கணும். உங்களுக்கு ஏழு வட்டி. இப்ப புதுசா அரசுக்குக் கடன் கொடுக்கிறவங்களுக்கு எட்டரை. அப்புறம் உங்களுத யாரு நூறுக்கு வாங்குவாங்க?"

"மொதல்ல குட்த்தவன் இளிச்சவாயன்னு சொல்றீங்கோ."

எண்பத்தெட்டுக்கு விற்றாலே ஆபரேஷனுக்குப் போதும். ஆனால் நூறுக்குப் பன்னிரண்டு ரூபாயைச் சும்மா விட என் கணக்குப் புத்தி ஒப்பவில்லை. அடமானம் வைக்கலாம் என்று ஒரகடம் வங்கிக்கு அழைத்துப் போனேன். மேலாளர் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"நகை இருக்கா? அரை மணி நேரத்துல முடிச்சுடலாம்."

"நகைய வித்துத்தான் சார் இதையே வாங்கனோம்," என்றார் இவர்.

விண்ணப்பம் தலைமை அலுவலகத்துக்குப் போனது.

நிதியாண்டு முடியும் நேரம். மாநிலங்கள் செவ்வாய்தோறும் கடன் கேட்டு ரிசர்வ் வங்கியின் பத்திர ஏலத்துக்கு வரும். ஜனவரி முதல் மார்ச் வரை கேட்பது அதிகம். கேட்பது கூடினால் வட்டி ஏறும். வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். எண்பத்தேழு. எண்பத்தாறு. செவ்வாய் மாலைகளில், கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் நேரத்துக்கு, அவர் மதிலோரம் வந்து நிற்பார். முதல் வாரம் அவர் மனைவியும் கேட் வரை வந்தார். அடுத்த வாரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பவாச்சும் வித்துடலாமா சார்?"

"இறங்கியிருக்கும்போது விக்கக் கூடாது. விதி இருக்கு, பதில் வந்துடும்."

விதியை அடிக்கோடிட்டு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன்.

மாசியின் கடைசிச் செவ்வாயன்று விடியும்போது அவர் வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"இனிமே விக்க வேணாம் சார். அவசரம் ஒண்ணுமில்ல."

தலைமை அலுவலகத்தின் கடிதம் என் முகவரிக்கு வந்தது. நான் அடிக்கோடிட்ட அதே விதியைச் சுட்டி, கடன் தரத் தடையில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்று மார்ச் முப்பத்தொன்று.