ஆடாத தேநீர்

பள்ளியில் மூன்று வருடம்கூட உட்காராதவன் நான். ஆனாலும் எகிப்தின் சூயஸ் நகரில், சுழலும் இயந்திரங்களை ஆட்டமின்றிச் சமன்செய்ய என்னை மிஞ்ச ஆளில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்து, ஆசான் என்ற பொருளில் ‘உஸ்தா’ என்றழைத்த ஷெஹாதா, முன்பு பஸ் ஓட்டியவன்.

கொதிகலனின் ராட்சத விசிறியைச் சமன்செய்து, எங்கள் வழக்கப்படி ஓடும்போதே அதன் பேரிங்மேல் தேநீர்க் கிளாஸை வைத்தேன். ஆட்டமிருந்தால் சிந்தும்; துளியும் சிந்தவில்லை.

“கருவியில ஆட்டம் காட்டுது, உஸ்தா. நிறுத்திடலாம்” என்றான் ஷெஹாதா, அதிர்வு அளக்கும் கருவியைப் பார்த்தபடி.

“பஸ்ல உக்காந்து உக்காந்து உனக்கு எல்லாமே ஆடுதுப்பா. ஓடட்டும்.”

மூன்றாம் நாள் விசிறி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்ற ஷெஹாதா பிழைக்கவில்லை.

அதன்பின் நூற்றிருபது பேரைத் தயார்செய்துவிட்டேன். எல்லோருக்கும் முதல் பாடம் கருவிதான்.

வீட்டில் மேசைமேல் வைத்த தேநீர் வட்டவட்டமாக நடுங்குகிறது.

“எதுவும் ஆடலை, குடிங்க” என்கிறாள் மனைவி.

நான் குடிப்பதில்லை.