நூற்று எண்பது கிராம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்பவர்களுக்கு இரண்டே பயம்தான். ஒன்று புயல் எச்சரிக்கை, இன்னொன்று புருஷோத்தமன். அளவைத் துறையில் முப்பத்தொரு வருடமாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற மனிதர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டினவனையும், வஞ்சிரத்தின் வாய்க்குள் ஈயக்குண்டைத் திணித்தவனையும் நூறு பேருக்கு நடுவில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். "மனுசன் பொய் சொல்லுவான், எடை சொல்லாது" என்பது நாளைக்கு நாலு தடவையாவது அவர் வாயில் வந்துவிடும். அவரையே எடை ஏமாற்றிவிட்டது என்றால் அவர் குடியிருக்கிற முதலியார்பேட்டையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

புருஷோத்தமனுக்கு இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால், கடற்கரைப் பக்கத்துத் தெருக் கடை ஒன்றில், உறைமேல் '180 கிராம்' என்று பொன்னிறத்தில் அச்சடித்த புதுத் தட்டு ஒன்றைக் கையில் வாங்கினார். வாங்கிய கை இறங்கியது. அந்தக் கனத்திலேயே மனிதர் கவிழ்ந்துவிட்டார். பழைய தட்டெல்லாம் நூற்றுப் பத்து, மிஞ்சிப்போனால் நூற்று முப்பது கிராம்தான் தேறும். வீட்டுக்கு வந்து சின்னத் தராசு ஒன்றை மேசைமேல் வைத்து, இருந்த தட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, மெலிந்ததையெல்லாம் கழித்துக் கட்டினார். ஒரே ஒரு மெல்லிய தட்டை மட்டும் விட்டுவைத்தார். எழுபதுகளில் பாரிசில் அச்சான வயலின் கச்சேரி அது, கீறல் ஒன்று கிடையாது. அதே கச்சேரியின் கனமான மறுபதிப்பும் அவரிடம் இருந்தது. வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டி மட்டம் தட்டுவதற்கு ஒரு மெல்லிசு வேண்டுமல்லவா! ஊரில் தட்டு சேர்க்கிற பத்துப் பன்னிரண்டு பேரும் எதை வாங்கினாலும் முதலில் அவர் தராசில் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்தத் தட்டு அன்றோடு தீர்ந்தது.

அப்படி உதடு பிதுங்கியதில் தன் தட்டுகளைத் தலைமுழுகியவர்களில் ஒருவர் கிறிஸ்துதாஸ். பக்கத்து உப்பளம் பகுதிக்காரர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், புருஷோத்தமனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இருபத்தாறு வருடமாகப் பங்குக் கோயிலில், காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கனுக்கு அவர்தான் கை. புருஷோத்தமன் பிரதோஷம் தவறாத சிவபக்தர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கோயிலின் பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டுவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவார். பூசையில் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கிறிஸ்துதாஸின் வாசிப்பு தெரியும்.

அந்த வாசிப்பு எட்டு மாதமாக இல்லை. முழங்கால் வலி, மிதிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு நாள் எழுந்தவர்தான், பிறகு ஆர்கன் பக்கமே போகவில்லை. புருஷோத்தமன் தைலம் வாங்கிக் கொடுத்தார், லேகியம் வாங்கிக் கொடுத்தார், வில்லியனூர் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார். கிறிஸ்துதாஸ் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. பங்குச் சாமியார் ஜோசப் ஆனந்தும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். வாசிக்க வேறு ஆளில்லை. ஆர்கனில் எலி கூடு கட்டாத குறை. கடைசியில் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அதைக் கொடுத்துவிட முடிவானது. திங்கட்கிழமை காலை டெம்போ வரும். ஏற்றிவிட்டால் அப்புறம் திரும்பி வரப்போவதில்லை.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. நண்பனின் மனசை மாற்ற ஒரு கடைசி முயற்சியாக, கிறிஸ்துதாஸைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார் புருஷோத்தமன். பேச்சு வழக்கம்போல ஆர்கனில் தொடங்கி முழங்காலில் இடித்து நின்றது. சங்கடத்தைத் தவிர்க்கப் புருஷோத்தமன் கனத்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தன் பிரதாபத்தைத் தொடங்கினார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற மகள் பூர்ணிமாவுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

"அப்பா, கண்ணால பாக்காம, கையால தொடாம எது கனம்னு சொல்லு பாப்போம். நான் திரைக்குப் பின்னாடி நின்னு மாத்தி மாத்திப் போடுறேன். அஞ்சு தடவை. நீயும் மாமாவும் தனித்தனியா சீட்டுல எழுதுங்க."

"அஞ்சு என்னா, அம்பது போடு" என்றார் புருஷோத்தமன்.

கிறிஸ்துதாஸ் எழுந்துவிட்டார். "என்னைய விட்டுடும்மா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?" முகம் சுருங்கிப்போயிருந்தது. புருஷோத்தமன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

கதவு நிலையில் போர்வையைக் கட்டினார்கள். உள்ளே பூர்ணிமா காசைச் சுண்டிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டைப் போட்டாள். முதல் வயலின் இழுப்பு வந்ததுமே புருஷோத்தமன் சிரித்துக்கொண்டு 'கனம்' என்று எழுதினார். என்ன நிறைவு, என்ன குழைவு! இரண்டாவது தடவை அந்தக் குழைவு இல்லை. 'மெல்லிசு.' அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கிறிஸ்துதாஸோ பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் போல, சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

பூர்ணிமா இரண்டு சீட்டுகளையும் வாங்கித் தன் குறிப்போடு ஒத்துப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பா... அஞ்சும் தப்பு."

"நீ மாத்தி எழுதிட்டிருப்ப."

"இல்லப்பா. நீ கனம்னு எழுதுனப்பல்லாம் மெல்லிசு ஓடுச்சு. மெல்லிசுன்னு எழுதுனப்பல்லாம் கனம்."

புருஷோத்தமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடுவிடுவென்று உள்ளே போனார். கடைசித் தடவைக்கு அவர் 'கனம்' என்று எழுதியிருந்தார். இயந்திரத்தில் கிடந்த தட்டை எடுத்துத் தராசில் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நூற்றுப் பன்னிரண்டுதான். முகத்தில் ஈயாடவில்லை. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி நிர்மலாதேவிக்குச் சிரிப்பு தாளவில்லை.

"மீன் வாய்க்குள்ள ஈயத்த வெச்சா ருசி ஏறுமான்னு தொறைமுகத்துல கேப்பீங்களே, இதுக்கு மட்டும் அது ஞாபகம் வரலியா?"

பூர்ணிமா மற்றச் சீட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"மாமா, உங்களுது அஞ்சும் சரி."

கிறிஸ்துதாஸ் எழுந்தார். முழங்காலைப் பிடிக்காமல், ஒரே வீச்சில் எழுந்தார்.

"என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

"அஞ்சுக்கு அஞ்சு சரி மாமா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"கனமானது மந்தமா கேட்டுச்சு. மெல்லிசுதான் தெளிவா இருந்துச்சு." அவளை விட்டுப் புருஷோத்தமன் பக்கம் திரும்பினார். "டேய்... பாக்காம கேட்டா உனக்கும் மெல்லிசுதானே நல்லா கேட்டிருக்கு. அப்ப எனக்குக் காது கெட்டுப் போவலியா?"

புருஷோத்தமனுக்கு முதலில் விளங்கவில்லை. காதா? இவனுக்கு முழங்கால்தானே?

"முழங்காலுக்கு ஒண்ணுமில்லடா" என்றார் கிறிஸ்துதாஸ். "எட்டு மாசம் முன்னாடி எங்க வூட்டுக்கு இந்த ரெண்டு ரிக்கார்டையும் தராசையும் கொண்ணாந்து போட்டுக் காட்டுனியே. வித்தியாசம் தெரியுதான்னு கேட்ட. வந்திருந்தவங்க எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு மட்டும் தலைகீழா கேட்டுச்சு. நீயோ தராசைக் காட்டுற. நம்பர் எதிர்ல நிக்குது. சரி, காதுதான் போவுதுன்னு முடிவு பண்ணிட்டேன். காது போனவன் கோயில்ல ஒக்காந்து வாசிச்சா முந்நூறு பேரு பாட்டு கெட்டுப் போவும். அதான் எழுந்துட்டேன்."

"ஒரு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

"பயம்டா. அவரும் ஆமான்னு சொல்லிட்டா?"

புருஷோத்தமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கள்ளத் தராசு வைத்தவன் கிலோவுக்கு நூறு கிராம் திருடினான் என்று எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருப்பார்! நல்ல தராசை வைத்துக்கொண்டு ஒரு மனிதனிடமிருந்து அவன் காதையே பிடுங்கிக்கொண்டதை என்ன கணக்கில் சேர்ப்பது? அதுவும் எப்பேர்ப்பட்ட காது! எட்டு மாதமாகத் தைலம் தைலமாக வாங்கிக் கொடுத்துத் தன்னைப் பெரிய சிநேகிதன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அவர்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மெல்லிசுதான் நல்லா கேட்டுச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றார் புருஷோத்தமன்.

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்கமாட்டார். அது இருவருக்கும் தெரியும்.

பூர்ணிமாதான் மெதுவாகப் பேச்சைத் திருப்பினாள். கனமான தட்டு வெயிலில் சீக்கிரம் வளையாது, கைக்கும் எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான் என்றாள். ஊசி ஓடுகிற கோடு இரண்டிலும் ஒரே ஆழம்தான். எந்த ஒலிப்பதிவிலிருந்து எடுத்தார்கள், எப்படி அச்சடித்தார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறதாம். அவள் அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறிப்போவுது" என்றாள் நிர்மலாதேவி.

"வந்து சாப்புடுறோம். டேய், ஏறு."

கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஆர்கனைக் கயிற்றால் கட்டி, சாக்குப் போர்த்தி, வாசலோரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். புருஷோத்தமன் யாரையும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார், சாக்கை உருவினார், நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். கிறிஸ்துதாஸ் உட்கார்ந்து கைகளைக் கட்டைகள்மேல் வைத்தார். பிறகு கால் மிதிக்க ஆரம்பித்தது. முதல் வரியில் இரண்டு இடம் தடுக்கியது. விரல்கள் எட்டு மாதச் சோம்பலில் இருந்தன. தடுக்கின இடத்தில் அவரே நின்று, தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பிடித்தார். இந்தத் தடவை நிற்கவில்லை.

சத்தம் கேட்டுச் சாமியார் ஓடிவந்தார். கிறிஸ்துதாஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வாசித்து முடிந்ததும் புருஷோத்தமன் பக்கம் சாய்ந்தார். இத்தனை வருடம் பின்வாசலில் நின்று கேட்டவர், ஊரில் எந்த இசைக்கும் தீர்ப்புச் சொல்கிறவர்.

"நீங்க சொல்லுங்க சார். பழைய மாதிரியே வாசிக்கிறாரா? நாளைக்கு வண்டிய வர வேணாம்னு சொல்லிடவா?"

புருஷோத்தமனின் கண்கள் நிறைந்திருந்தன. தலையை ஆட்டினார்.

"என்னைக் கேக்காதீங்க ஃபாதர். அவனைக் கேளுங்க."