அமாவாசையன்று பறந்த ஜரிகை

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் தறிதான் காரணம். முதுகு பிடித்தால் தறி, இருமினால் தறி, அப்பாவுக்குக் கோபம் வந்தால்கூடத் தறி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் பேசும். அதனால் பிரசவத்துக்காக எட்டாம் மாதம் தாமலில் புகுந்த வீட்டிலிருந்து வந்த அத்தைக்குக் கால் வீங்கியபோது யாரும் பயப்படவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. சும்மா உட்காரத் தெரியாதவள். அம்மா திட்டத் திட்டத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிடுவாள். மெட்டி சதைக்குள் புதைந்து போயிருந்தது. "குழியில கால தொங்கப் போட்டுக்கினே இருந்தா வீங்காம என்னா பண்ணும்?" என்பாள் அம்மா. தலைவலி என்றால் அது தறிச்சத்தம். கண்ணில் பொறி பறக்கிறது என்று அத்தை சொன்னபோது அப்பா சிரித்தார். "நாள்பூரா ஜரிகையப் பாத்தா அப்பிடித்தாம்மா இருக்கும். நமக்கெல்லாம் இல்லாததா?" வளைகாப்பு வேலையில் செக்கப்புக்குப் போகவேண்டிய நாளும் தள்ளிப்போயிற்று.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்று காலை அத்தை எழுந்திருக்கவே இல்லை. கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கினாலும் ஜரிகை பறக்குதுடி. உங்கப்பாகிட்ட சொல்லாத. அப்புறம் தறிப்பக்கமே உடமாட்டாரு."

தலையாட்டினேன். எனக்கு ஒரே பொறாமை. நானும் கண்ணை இறுக்க மூடிப் பார்த்தேன். வெறும் இருட்டுதான் தெரிந்தது.

மதியம் படையல் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு வலிக்கிறதென்று அத்தை வாந்தி எடுத்தாள். அமாவாசைச் சாப்பாடு செரிக்கவில்லை என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அதுவும் வெளியே வந்ததும் அப்பா ஆட்டோ பிடித்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அத்தையின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்க, டாக்டரம்மா பெருவிரலால் அவள் காலை அழுத்தினார். விழுந்த பள்ளம் எழும்பவே இல்லை.

"தறிக்குழில உக்காந்ததும்மா," என்றாள் அம்மா. தலைவலிக்கும் பதில் வைத்திருந்தாள். வயிற்றுவலிக்கும் வைத்திருந்தாள். கண்ணில் ஏதாவது மினுமினுக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதும், "ஜரிகையப் பாக்கறதாலம்மா. எங்க ஊட்ல எல்லாருக்கும் இருக்குது," என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னிக்கி தறியே ஓடலியேம்மா. அத்த கண்ண மூடிக்கினா கூட ஜரிகை பறக்குதுன்னு சொல்லிச்சே."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு நர்ஸ் சொன்ன அளவைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அப்பாவை அருகில் கூப்பிட்டார்.

"கால் வீக்கம், தலைவலி, வயித்துவலி, கண்ணுல பறக்கறது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காரணம் சொல்றீங்க. எல்லாம் ஒரே நோய்ங்க. கர்ப்பத்துல வர்ற ரத்தக்கொதிப்பு. காலோட நிக்காம கல்லீரலு, மூளை எல்லாத்தையும் புடிச்சிருச்சு. இப்பவே குழந்தைய எடுக்கணும். இல்லன்னா ஃபிட்ஸ் வரும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

அப்பா அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அத்தை என்னைக் கண்ணால் தேடி, "சொல்லாதன்னு சொன்னேன்ல?" என்றாள். அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்குழந்தை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் அத்தையின் வார்டு வாசலில் என்னை விட்டுவிட்டு அம்மா வெந்நீர் வாங்கப் போனாள். நான் உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அத்தை விழித்துத்தான் இருந்தாள். முகம் என் பக்கம்தான் இருந்தது. அவள் கண் என்மேல் பட்டு, நிற்காமல், அப்படியே கடந்து போயிற்று. நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மருந்து வாசனைக்குப் பயந்துவிட்டேன் என்று அம்மா நினைத்தாள்.

பிறகு குழந்தையோடு வீட்டுக்கு வந்த அத்தை, என்னைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏண்டி, நீ மட்டும் ஆஸ்பத்திரிக்கு என்னப் பாக்க வரவேயில்ல?"

நேருக்குநேர் பார்த்துவிட்டு இப்படி ஒரு பொய்யா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. பாப்பாவைத் தொடக்கூட இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் அத்தைக்குக் கண் அடியோடு தெரியாமல் போயிருந்தது. அதுவும் அந்த நோயின் வேலைதான். கொதிப்பு இறங்கியதும் பார்வை திரும்பிவிட்டது. பிள்ளை பயந்துபோவாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வளர்ந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அம்மா சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டுப் பெண் அல்லவா, அத்தை என்னைப் பார்க்காததற்கு, சொல்லிவிட்ட கோபம் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். அன்று கட்டிலருகே நின்று, "நான்தான் அத்த" என்று சொல்லியிருந்தால் அவள் கையை நீட்டியிருப்பாள். அது எனக்கு அப்போது தெரியவில்லை.